கலைச்சொல்: தூண்டில் கோலின் பிடிக்குக் கயிறு சுற்றுவதை என்னவென்று சொல்வது?

அன்புடையீர்,

தூண்டில் கோலின் கைப்பிடியில் கயிறு, டேப், ரப்பர் குழாய் என்று எதை ஏற்றினாலும் ‘கிரிப் போடுவது’ என்றே சொல்கிறோம். சொற்பட்டியலில் ‘பிடியுறை’ என்று எழுதிவிடலாமா?

—

ஐயா,

உறை என்பது நுழைத்து மாட்டுவது. சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தும். அதை வாங்கும்போது இரண்டு விட்டம் பார்க்க வேண்டும். சுருங்குமுன் கோலின் பருத்த பகுதியைத் தாண்டி நுழைய வேண்டும். சுருங்கிய பின் பிடியைவிடச் சிறுக்க வேண்டும். பாதியாகச் சுருங்கும் வகையில், 24 மி.மீ. பிடிக்கு 40 மி.மீ. குழாய் சரி. 50 மி.மீ. குழாய் 25-இல் நின்றுவிடும், கைக்குள் உருளும். நீளவாக்கிலும் கொஞ்சம் சுருங்குவதால் 30 செ.மீ. பிடிக்கு 33 செ.மீ. வெட்டுவது நல்லது. நடுவில் தொடங்கி இரு முனைக்கும் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் கார்பன் கோலின் பிசின் இளகிக் கெட்டுவிடும்.

ஆனால் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலைப் பொருத்தும் இருக்கைக்கு மேலே உள்ள முன்பிடியில் உறை மாட்டுவது கடினம். ஒரு பக்கம் நரம்பு ஓடும் வளையங்கள், மறுபக்கம் இருக்கை. கயிற்றுக்கு அந்தத் தடை இல்லை, நடுவிலேயே தொடங்கலாம். செய்முறையே வேறாக இருக்கும்போது ஒரு சொல் போதாது. கயிற்றுக்கு ‘வரிக்கட்டு’ என்று வைக்கலாம்.

—

‘வரிந்து கட்டுதல்’ என்ற வேரைப் பிடித்தது மிகச் சரி. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல வெறுமனே சுற்றினால் பிடி நிற்காது. இழுத்து இறுக்குவதில்தான் அதன் உயிர். ஆனால் ‘வரிக்கட்டு’ என்றால் எவர் காதிலும் வீட்டுவரிதான் விழும். ‘வரிச்சல்’ கூரைக்கும் சுவருக்கும் கட்டும் குச்சிக்கு ஏற்கெனவே உள்ள பெயர்.

என் பரிந்துரை: வினை ‘பிடி வரிதல்’, பெயர் ‘வரிபிடி’. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ‘வரிப்பிடி’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

விளக்கக் குறிப்பில் செய்முறையும் வரட்டும். பிடி 22 மி.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம், கயிறு 2 மி.மீ. என்றால் 150 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 75 மி.மீ. ஆக 11.3 மீட்டர், முனைகளுக்கும் சேர்த்து 12.5 மீட்டர் எடுக்க வேண்டும். பிடியைத் துடைத்து, இருபுறமும் ஒட்டும் டேப்பை அடியில் ஒட்டினால் கயிறு நழுவாது. முதல் முனையை 3 செ.மீ. நீளவாக்கில் படுக்கவைத்து அதன்மேலேயே சுற்றிப் போக வேண்டும். கடைசிப் பத்துச் சுற்றுக்கு அடியில் மெல்லிய தூண்டில் நரம்பை மடித்துக் கண்ணியாக வைத்து, கயிற்று முனையை அதில் கோத்து இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் புகுந்துகொள்ளும். முடிச்சு கூடாது, உள்ளங்கையை உறுத்தும்.

நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தளரும். பாலியஸ்டரே ஏற்றது.

—

‘வரிபிடி’ எனக்கும் உடன்பாடு. கிரிக்கெட் மட்டையில் இரண்டையும் சேர்த்தே காணலாம்: பிரம்புப் பிடியின்மேல் நூல் வரிந்திருக்கும், அதன்மேல் ரப்பர் உறை. உறை கிழிந்தால் மாற்றுகிறோம், வரிந்த நூலைத் தொடுவதில்லை.

இன்னொரு சொல்லும் தேவை. பிடி முடிகிற இடத்தில் விளிம்பை மறைக்கும் சிறு வளையத்தைப் ‘பூண்’ என்றே சொல்லலாம், உலக்கைப் பூண் இருக்கிறதே. ‘முனை வளையம்’ என்றால் நரம்பு ஓடும் வளையத்தோடு குழம்பும். அந்த வளையங்களைக் கோலில் நூலால் இறுக்குவதும் இதே வேலைதான். ‘வளையம் வரிதல்’ என்று எழுதலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பில் சேர்க்க வேண்டும்: வளையம் வரிந்த நூலின்மேல் எப்பாக்சிப் பிசினை முழுதும் பூசுகிறோம். வரிபிடியில் இரு ஓரங்களில் மட்டும் தொட்டுவைத்தால் போதும், முழுதும் பூசினால் ஈரக்கையில் வழுக்கும்.