மறு: ஊசலாட்டமா, விதிர்ப்பா, அதிர்வா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

> ஊசலாட்டச் செயற்கைச் சுவாசம் என்பதே துல்லியம்.

குழந்தையின் நுரையீரலைச் சின்னச் சின்னக் காற்றலைகளால் மிக வேகமாக அதிரச் செய்யும் செயற்கைச் சுவாசத்துக்கு (high-frequency oscillatory ventilation), பெற்றோருக்கான துண்டறிக்கையில் போட ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் சொன்னது துல்லியம்தான் ஐயா. ஆனால் குடியாத்தத்திலிருந்து வந்து வேலூரில் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது "உயிர் ஊசலாடுது" என்றுதான் காதில் விழும். துண்டறிக்கை அவருக்குத்தான். போன மாதம் ஒரு அம்மா, குறைமாதக் குழந்தைக்கு நெஞ்சிலிருந்து தொடை வரை படபடவென்று அதிர்வதைப் பார்த்து, "குளுருல நடுங்குதும்மா" என்று முந்தானையை எடுத்துப் போர்த்தப் போனார். எங்களுக்கோ அந்த அதிர்வு இருந்தால்தான் நிம்மதி, நின்றால் குழாயில் சளி அடைத்ததா, குழாய் நழுவியதா என்று ஓடுவோம்.

"விரைமூச்சு" என்று பெயர் வைக்கச் சொன்ன தம்பிக்கு: கருவி அசைப்பது நொடிக்கு 10 முறை, அதாவது நிமிடத்துக்கு 600. வேகம் உண்மைதான். ஆனால் வேகத்தைக் கூட்டினால் கரியமில வாயு கூடுதலாக வெளியேறும் என்று என் மாணவிகள் வருஷா வருஷம் தப்பாக எழுதுகிறார்கள். குறைத்தால்தான் ஒவ்வொரு அசைவும் பெரிதாகி அதிகம் வெளியேறும், அதுவும் அளவு மீறினால் மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். பெயரே அந்தத் தப்பை வளர்க்கக் கூடாது.

நெஞ்சு ஏறி இறங்காதபோது அதை மூச்சு என்பதே பிழை என்ற அக்காவின் கேள்வி நல்ல கேள்வி. நுரையீரல் ஒரே சீரான அழுத்தத்தில் விரிந்தே நிற்கிறது, அதனால் நுண்ணறைகள் (நுரையீரலின் சின்னக் காற்றுப் பைகள்) ஒவ்வொரு முறையும் மூடித் திறந்து புண்படுவது குறைகிறது. (அழுத்தம் மிஞ்சினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து பிரஷர் இறங்கும், அதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.) அதன்மேல், மூச்சுப்பாதையை நிரப்பக்கூடப் போதாத அளவு காற்று, சின்னச் சின்ன அலையாக. அதனால்தான் "சிற்றலை மூச்சு" என்ற பெயரைச் சொன்னேன். பழைய வானொலியின் சிற்றலை வரிசை நினைவுக்கு வருகிறது என்றார் ஒருவர். வரட்டுமே, பயம் வராது.

"அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்" என்ற தொல்காப்பிய நூற்பாவை வைத்து மூன்று நாள் விதிர்ப்புக்காக வாதாடினீர்கள். எனக்கும் பிடித்த நூற்பா. ஆனால் இரண்டுக்கும் நடுக்கம்தான் பொருள் என்றால் அந்த அம்மா பயந்ததும் அதற்குத்தானே?

பெரும்பாலோர் அதிர்வு மூச்சு என்கிறீர்கள். சரி, அச்சுக்கு அதுவே போகட்டும், என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்: "குழந்தை நடுங்கவில்லை, கருவிதான் நெஞ்சை அசைக்கிறது."