மீனுக்கு நேர்வது ‘மன அழுத்தம்’ அன்று

காவேரிப்பட்டணத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். மீன் வளர்ப்போர் கையேட்டில் ‘ஸ்ட்ரெஸ்’ (stress) என்பதற்குத் தமிழாக உள்ள ‘மன அழுத்தம்’ மாற வேண்டும். கிருஷ்ணகிரி அணைப் பண்ணையில் குஞ்சு வாங்கும் விவசாயி அதைப் படித்தால், மீனுக்கு ஏது மனக்கவலை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். ‘அழுத்தம்’ என்று மட்டும் எழுதினாலோ, நீரழுத்தம் என்றே கொள்வார். ‘தகைவு’ பொறியியலில் நிலைத்துவிட்ட சொல். அது அங்கேயே இருக்கட்டும்.

நாம் பெயரிடுவது உடலில் நடக்கும் ஒன்றை. வலையில் சிக்கிய நொடியிலேயே மீனின் இரத்தத்தில் அட்ரினலின் ஏறுகிறது. அடுத்து மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் முன்பகுதியான தலைச்சிறுநீரகத்தைத் தூண்ட, சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் பெருகுகிறது. நமக்குள்ளதுபோல் தனி அட்ரினல் சுரப்பி கட்லாவுக்கோ ரோகுவுக்கோ இல்லை. தலைச்சிறுநீரகத்தில் உள்ள உயிரணுக்களே கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. இரத்தச் சர்க்கரை உயர்கிறது. செவுள் வழியே உப்பு வெளியேறி, நீர் உள்ளே புகுகிறது. நன்னீர் மீனுக்குப் பெரிய ஆபத்து இதுதான். குஞ்சு ஏற்றும் நீரில் சிறிது உப்புச் சேர்ப்பதும் இதனால்தான். விரைவில் தணிந்தால் மீன் தேறிவிடும். நாள்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்பு குன்றும், வளர்ச்சி தடைப்படும், சினை முதிர்வதும் பாதிக்கப்படும்.

இலங்கைத் தமிழில் ‘உளநெருக்கீடு’ புழக்கத்தில் இருக்கிறது. ‘உள’ நீக்கி, ‘நெருக்கீடு’ என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தருமபுரியிலிருந்து:

ஐயா, ‘மன’ வேண்டாம் என்பது சரி. ஆனால் ‘நெருக்கீடு’ என்றதும் நெரிசல்தான் நினைவுக்கு வருகிறது. கோடையில் எங்கள் ஏரிகளில் நீர் சூடாவதும், விடியற்காலையில் ஆக்சிஜன் குறைவதும் அதே கார்ட்டிசாலைக் கூட்டுகின்றனவே! கை கால் உளைச்சல் என்று நம் பக்கம் சொல்கிறோம். ‘உளைச்சல்’ பொருந்தாதா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

நல்ல சொல்தான். ஆனால் உளைச்சல் என்றால் நோவு. மீன் வலியை உணர்கிறதா என்பது தனி விவாதம். ஹார்மோன் பாடத்துக்குள் அதை இழுத்துவர எனக்கு விருப்பமில்லை. நெருக்கடி என்ற சொல்லும் நெருக்கத்தில் பிறந்ததே. பண நெருக்கடி என்றால் யாரும் கூட்டத்தை எண்ணுவதில்லையே. அந்தச் சொல்லையே வைக்கலாம் என்றால், அரசியலும் பொருளாதாரமும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. மேலும் நமக்குக் காரணத்துக்கு ஒரு சொல், விளைவுக்கு ஒரு சொல் வேண்டும். சூடான நீர் ‘நெருக்கீட்டுக் காரணி’. கார்ட்டிசால் உயர்வு ‘நெருக்கீட்டு எதிர்வினை’. உளைச்சலிலிருந்து இவ்வளவு எளிதாக வராது.

தருமபுரியிலிருந்து:

காரணியையும் எதிர்வினையையும் பிரித்தது எனக்குப் போதும், ஐயா, ஏற்கிறேன். குஞ்சுகளின் கூட்டத்தைக் குறிக்க ‘நெரிசல்’ மட்டுமே வர வேண்டும், இரண்டும் கலக்கக் கூடாது. போக்குவரத்துப் பாடத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: “ஏற்றும் முன் குஞ்சுகளுக்குத் தீவனத்தை நிறுத்துங்கள். வந்து சேர்ந்ததும் பையைக் குளத்தில் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பநிலையும் ஒத்துவந்த பிறகு திறந்துவிடுங்கள். நெருக்கீடு குறையும்.”