பெட்டி வராத இரவில் சொல்லித் தந்தவர்

முதுகலைப் படிப்புக்காக ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் வாங்கியிருந்தேன். ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட மலிவாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம். தாராளம் என்று நம்பினேன்.

முதல் டிக்கெட்டிலேயே ஓர் இடத்தில் விமானம் மாற வேண்டும். அங்கே மூடுபனி. பனியில் விமானங்கள் வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டுத்தான் இறங்க முடியும் என்பதால், ஓடுபாதை திறந்திருந்தும் எல்லாமே பின்தங்கிவிடுகின்றன. அடுத்த விமானத்தை ஓடிப்போய்ப் பிடித்தேன். அதுவும் ஒன்றரை மணி நேரம் தாமதமாகவே கிளம்பியது. இறங்கிய இடத்தில் குடியேற்றப் பரிசோதனை வரிசையில் ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு பெட்டிக்காக பெல்ட் அருகே நின்றேன். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை நாமே எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பெல்ட் சுற்றிச் சுற்றிக் காலியானது. என் பெட்டி வரவில்லை. இரண்டாவது விமானத்தின் செக்-இன்னும் மூடிவிட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. என் விஷயத்தில், இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நான் வராமல் போன பயணி மட்டுமே.

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய மறுநாள் கடைசி நாள். பட்டச் சான்றிதழ்களின் அசல்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. இதைப் படிக்கும் மாணவர்கள் யாராக இருந்தாலும், அசல்களைக் கைப்பையில் வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

காணாமல் போன பெட்டிகளுக்கான கவுண்டரில் ஓர் அட்டையைக் காட்டினார்கள். அதில் பெட்டிகளின் வடிவங்களும் நிறங்களும் படமாக இருந்தன. "உங்களுடையது எது?" என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கறுப்பு, சக்கரம் உண்டு. அதற்கு மேல் நினைவில் எதுவுமே இல்லை. எனக்கு முன்னால் நின்றிருந்த ஓர் ஆய்வு மாணவி திரும்பிப் பார்த்தார். அவருடைய பெட்டியும் வரவில்லை. "புகார்ப் படிவத்தின் நகலும் எண்ணும் கைக்கு வராமல் இங்கிருந்து நகராதே. மூன்று எழுத்து விமான நிலையத்துக்கு, இரண்டு எழுத்து விமான நிறுவனத்துக்கு, பிறகு ஐந்து இலக்கம். அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்" என்றார். அவசியமான துணிமணி வாங்கினால் ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொன்னதும் அவர்தான். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் அந்தச் செலவை எழுத்துமூலம் கேட்க வேண்டும், பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது என்றார். அந்த நேரத்தில் அதெல்லாம் என் காதில் பாதிதான் ஏறியது.

இரவு ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பதிவு அலுவலகத்தில் இருந்தவர் புகார்ப் படிவத்தைப் படித்துவிட்டு, அசல்களைக் காட்ட ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். பெட்டி ஐந்தாம் நாள் வீட்டு வாசலுக்கு வந்தது. பதினெட்டாம் நாள் ரசீதுகளை இணைத்து எழுதினேன். துணிகளுக்கான பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது.

தாமதத்துக்கு 600 யூரோ கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அது எனக்குப் பொருந்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் உண்டு. வெளியிலிருந்து உள்ளே வரும்போது ஒன்றியத்து நிறுவனமாக இருந்தால் மட்டுமே உண்டு. மோசமான வானிலை காரணமென்றால் அந்த இழப்பீடும் இல்லை. ஆனாலும் விதி பொருந்தும் பயணத்தில், காத்திருக்கும்போது உணவும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் அவர்கள் தந்தாக வேண்டும்.

வேறொரு வியப்பு மார்ச் மாதக் கடைசி ஞாயிறு நேர்ந்தது. அன்று அங்கே கோடைக்கால நேரத்துக்கு மாறுவதால் அதிகாலை இரண்டு மணி நேரே மூன்றாகிவிடும். கைப்பேசி தானாக மாறிக்கொண்டது, என் கைக்கடிகாரம் மாறவில்லை. கடிகாரத்தை நம்பிக் கள ஆய்வுக்குக் கிளம்பிய நான் நடைமேடையில் தனியாக நின்றேன். வகுப்பு முழுவதும் ஒரு மணி நேரம் முன்பே போயிருந்தது.

சென்ற ஆண்டு ஐரோப்பாவில் ஒரு ரயில் எழுபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து இருக்கையில் முதலாண்டு மாணவன் ஒருவன் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தான், முகம் வெளுத்திருந்தது. தாமதத்தை எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் பாதியையும் கேட்கலாம் என்றும் சொன்னேன். அவனுக்கு அப்போது பணமா முக்கியம்? அந்தத் தாளைத் தேர்வு அலுவலகத்தில் காட்டத்தான் சொன்னேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த ஆய்வு மாணவியின் பெயரை நான் கேட்கவில்லை. தன் பெட்டியில் மூன்று ஆண்டுகளின் கையெழுத்துக் குறிப்புகள் இருப்பதாகச் சொன்னார், வேறு பிரதி இல்லையாம். அதைச் சொன்ன பிறகுதான் எனக்குப் படிவத்தை நிரப்பக் கற்றுக்கொடுத்தார். அவருடைய பெட்டி கிடைத்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.