ஒரு வெற்றியும் ஒரு கடைசி இடமும்: நாஸ்கார் புள்ளிக் கணக்கில் யார் சாம்பியன்?

கணக்குப்பிள்ளை:
அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில், 2025 நவம்பரில் ஃபீனிக்ஸில் நடந்த இறுதிப் பந்தயத்தின் வலி எனக்கு இன்னும் போகவில்லை. டென்னி ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னால் ஓடினார். முடிய மூன்றே சுற்று இருக்கும்போது வில்லியம் பைரனின் டயர் போய், எல்லோரும் வேகத்தைக் குறைக்கவேண்டிய மஞ்சள் கொடி விழுந்தது. டயர் மாற்றும் இடமான பிட்டில் ஹாம்லினுக்கு நான்கு டயர் மாற்றினார்கள். கைல் லார்சனுக்கு இரண்டு மட்டும். அந்தச் சில விநாடிகளில் கோப்பை லார்சனுக்குக் கைமாறிவிட்டது. லார்சன் அன்று ஒரு சுற்றுகூட முன்னிலையில் ஓடவில்லை. மே மாதத்துக்குப் பிறகு ஒரு பந்தயமும் வெல்லவில்லை. 36 பந்தயம் ஓடவைத்துவிட்டு, கடைசி நாளில் நால்வரில் யார் முந்துகிறாரோ அவருக்கே பட்டம் என்றால், ஆண்டு முழுவதும் எழுதிய விடைத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வாசலில் ஒரு கேள்வி கேட்டு முதல் பரிசு கொடுப்பதைப் போலத்தான். 2026 முதல் அந்த முறையை ஒழித்தார்களே, அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

கடைசிச்சுற்று:
ஒழித்தது சரி. ஆனால் அது ஏன் பிறந்தது என்பதையும் சொல்லுங்கள், பிள்ளை அவர்களே. 2003-இல் மேட் கென்செத் ஆண்டு முழுவதும் வென்றது ஒரே ஒரு பந்தயம், அதுவும் மார்ச்சில் லாஸ் வேகாஸில். ரயன் நியூமன் எட்டுப் பந்தயம் வென்றார். சாம்பியன் கென்செத், நியூமனுக்கு ஆறாமிடம். ஒரு பந்தயம் மீதமிருக்கும்போதே பட்டம் முடிவாகிவிட்டதால் கடைசி நாளில் எல்லோரும் சடங்குக்கு வண்டி ஓட்டினார்கள். உங்கள் முழு ஆண்டுக் கணக்கு பெற்ற பிள்ளை அது.

கணக்குப்பிள்ளை:
கென்செத் மீது என்ன குற்றம்? 36-இல் 25 முறை முதல் பத்துக்குள் வந்தவர். நியூமனோ ஏழு பந்தயங்களை முடிக்கவே இல்லை. வண்டியை உடைக்காமல் கரைசேர்ப்பதும் ஓட்டுநரின் வேலைதான்.

பெட்ரோல்வாசம்:
இருவருக்கும் இடையில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோவை நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டியபோதுதான் நான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து இவர்கள் விதியை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது 2011. அந்த ஆண்டுதான் 185, 170 என்று படிப்படியாக இறங்கிய பழைய அட்டவணையைத் தூக்கிவிட்டு, முதலிடத்துக்கு 43, கடைசிக்கு 1 என்று எளிமையாக்கினார்கள். கடைசி பத்துப் பந்தயத்துக்கு மட்டும் புள்ளிகளைச் சமப்படுத்தி மறுபடி எண்ணும் ‘சேஸ்’ முறை அப்போதும் இருந்தது. முடிவில் டோனி ஸ்டூவர்ட் 2403, கார்ல் எட்வர்ட்ஸ் 2403. ஐந்து வெற்றி பெற்ற ஸ்டூவர்ட்டுக்கு, ஒரே வெற்றி பெற்ற எட்வர்ட்ஸை முந்திக் கோப்பை போனது. இறுதிப் பந்தயத்திலும் அவர் முதல், இவர் இரண்டாவது. இதைவிட என்ன பரபரப்பு வேண்டும்? யாரையும் வெளியேற்றாமலே கிடைத்ததல்லவா?

கடைசிச்சுற்று:
அது குறிஞ்சிப்பூ. ஒவ்வோர் ஆண்டும் பூக்காது. கட்டம் கட்டமாகச் சிலரை வெளியேற்றி நால்வரை மட்டும் இறுதிக்கு விடும் முறை 2014-இல் வந்தபின் மார்ட்டின்ஸ்வில் போன்ற குட்டித் தடத்தில்கூட ஒவ்வொரு இடத்துக்கும் உயிர் வந்தது. 2022-இல் ராஸ் சாஸ்டெயின் செய்ததை மறந்துவிட்டீர்களா? இறுதி நால்வருக்குள் நுழைய, கடைசிச் சுற்றில் இரண்டு இடம் குறைவு. ஐந்தாவது கியரைப் போட்டு, காலை எடுக்காமல், வண்டியைச் சுவரோடு சாய்த்து, ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திருப்பம் முழுவதையும் உரசிக்கொண்டே கடந்தார். ஐந்து வண்டிகளை முந்தினார். அதனால் வெளியே போனவர் யார்? உங்கள் ஹாம்லினேதான். புள்ளிப் பட்டியலில் பத்தாமிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காக வேறு எந்த முறையில் ஒருவர் இப்படி ஓட்டுவார்?

கணக்குப்பிள்ளை:
யாரும் ஓட்டமாட்டார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். அடுத்த ஆண்டே அப்படி ஓட்டக்கூடாது என்று நாஸ்காரே நிறுத்திவிட்டது. அதே மார்ட்டின்ஸ்வில்லில் 2024-இல் என்ன நடந்தது? வேண்டியவருக்காக மற்ற வண்டிகள் வழிவிட்டும் வழிமறித்தும் ஓடியதாக அணிகளுக்குத் தண்டனை விழுந்தது. 2020-இல் ஒன்பது வெற்றி பெற்ற கெவின் ஹார்விக் இறுதி நால்வரில்கூட இல்லை. 2014-இல் ஒரு வெற்றியும் இல்லாத நியூமன் இறுதி நால்வருக்குள் வந்து, பட்டத்தை ஒரே ஓர் இட வித்தியாசத்தில் தவறவிட்டார். வெற்றிக்கு மதிப்பு வேண்டும் என்று கொண்டுவந்த முறையில் இது நடந்தது என்றால் சிரிப்பதா அழுவதா?

கடைசிச்சுற்று:
சரி, உங்கள் முறையில் வெற்றிக்கு என்ன மதிப்பு? அதை எண்ணில் காட்டுங்கள். சும்மா நியாயம் நியாயம் என்றால் எப்படி?

கணக்குப்பிள்ளை:
காட்டுகிறேன். இரண்டு ஓட்டுநர்கள், இரண்டு வாரம். முதல் ஆள் ஒரு வாரம் வெல்கிறார், மறுவாரம் வண்டி நொறுங்கிக் கடைசியில் வருகிறார். இரண்டாம் ஆள் இரண்டு வாரமும் பத்தாமிடம்.

2003 அட்டவணைப்படி வெற்றிக்கு 175, முன்னிலையில் ஓடியதற்கு 5, 43-ஆம் இடத்துக்கு 34. மொத்தம் 214. மற்றவருக்கு 134-உம் 134-உம் சேர்த்து 268. வென்றவர் 54 புள்ளி பின்னால்!

2025 அட்டவணைப்படி வெற்றிக்கு 40, கடைசிக்கு 1: மொத்தம் 41. பத்தாமிடத்துக்கு 27 வீதம் 54. இங்கும் வென்றவர் பின்னால்தான். ஒரு பந்தயம் வென்றாலே பட்டப் போட்டிக்குள் இடம் கொடுத்த ‘வென்றால் உள்ளே’ என்ற விதி இந்தப் பள்ளத்தைத் தூர்க்கவில்லை, மேலே பலகை போட்டு மூடியது.

2026 முதல் வெற்றிக்கு 55. கூட்டிப் பாருங்கள்: 56-க்கு 54.

பெட்ரோல்வாசம்:
அடடே. 22 ஆண்டுச் சண்டையை 15 புள்ளியில் முடித்திருக்கலாம் போலிருக்கிறதே.

கடைசிச்சுற்று:
அவசரப்படாதீர்கள் அண்ணா. 2017 முதல் பந்தயத்தின் நடுவிலேயே இடைக்கட்டம் வைத்து, முதல் பத்துப் பேருக்கு 10 முதல் 1 வரை புள்ளி கொடுக்கிறார்கள். பிள்ளை அதைச் சேர்க்கவில்லை. பத்தாமிடத்துக்காரர் இடைக்கட்டங்களில் மூன்று புள்ளி சுரண்டினாலே 57 ஆகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
வென்றவர் இடைக்கட்டத்தில் தூங்கிக்கொண்டா இருந்தார்? அவருக்கும் சேர்த்து எண்ணுங்கள். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், வித்தியாசம் மயிரிழைதான். எனக்கு உறுத்துவது வேறு. 26 பந்தயம் முடிந்ததும் 16 பேருக்குப் புள்ளிகளை மறுபடி சுருக்குகிறார்கள். முதல்வருக்கு 2100, இரண்டாமவருக்கு 2075. ஆறு மாதம் சேர்த்த 150 புள்ளி முன்னிலை ஒரே இரவில் 25 ஆகிவிடும். முழு ஆண்டுக் கணக்கு இன்னும் திரும்பவில்லை.

கடைசிச்சுற்று:
திரும்பாததால்தான் நீங்கள் பார்ப்பீர்கள். இரண்டு பந்தயம் மீதமிருக்கும்போது ஒருவர் கோப்பையை உறுதிசெய்துவிட்டால், ‘சப்பென்று போய்விட்டது’ என்று இங்கே முதலில் எழுதப்போவது நீங்கள்தான்.

கணக்குப்பிள்ளை:
எழுதுவேன். எழுதிவிட்டு நேரத்தோடு படுத்துக்கொள்வேன். டயர் மாற்றியதை எண்ணி விடியும்வரை புரண்டுகொண்டிருக்க மாட்டேன்.