அமானுஷ்யக் கதைகளை வைத்துச் சொந்த நம்பிக்கையை யோசிப்பது எப்படி?

வாசல்விளக்கு (கேள்வி):
எங்கள் வாசிப்புக் குழுவில் ஆறு பேர். அடுத்து அமானுஷ்யக் கதைகளை எடுக்கிறோம். “பயமா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு” என்பதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. ஆவி, விதி, மறுபிறப்பு, சகுனம் பற்றியெல்லாம் நமக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குழுவில் பக்தர்களும் உண்டு, நாத்திகர்களும் உண்டு. கூட்டம் பட்டிமன்றமாகிவிடாமல் எப்படி நடத்துவது?

ஓரக்குறிப்பு:
“பேய் உண்டா இல்லையா” என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அதற்குக் கதை சாட்சி சொல்லாது. எழுதுபவர் நினைத்தால் செத்தவர் எழுந்து வருவார், நினைக்காவிட்டால் வரமாட்டார். கதையால் காட்டிக்கொடுக்க முடிவது வாசகரைத்தான்: எந்த வரியில் எந்த விளக்கத்தின் பக்கம் சாய்ந்தார் என்பதை.

10–15 பக்கச் சிறுகதை ஒன்று போதும். கடைசிப் பக்கத்தில் மர்மத்தை உடைத்துச் சொல்லும் கதை வேண்டாம், அதில் யோசிக்க மிச்சம் ஏதும் இருக்காது. முதல் வாசிப்பு ஒரே மூச்சில், பேனா இல்லாமல். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, “நடந்தது என்ன” என்று நாலே வரி எழுதுங்கள். கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். இந்த நாலு வரியை எழுதும் முன் யாரும் பேசக் கூடாது. முதலில் பேசுபவரின் விளக்கம் மற்ற ஐவருடைய நினைவிலும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் வாசிப்பில் பென்சில். இயற்கையான காரணம் சொல்ல முடிகிற இடத்தில் ‘இ’, முடியாத இடத்தில் ‘அ’, தடுமாறும் இடத்தில் கேள்விக்குறி. இந்தத் தடுமாற்றத்தைத்தான் 1970-இல் இலக்கியக் கோட்பாட்டாளர் தொதரோவ் இவ்வகை இலக்கியத்தின் மையம் என்றார். காரணம் கிடைத்துவிட்டால் கதை ஒரு பக்கம் சாய்கிறது, அமானுஷ்யம்தான் என்று ஒப்புக்கொண்டால் மறுபக்கம் சாய்கிறது.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் பிடிக்காத ஓர் இரவில் தொடங்குகிறது. சொல்பவரோ கதை எழுதுகிறவர். ஒருவர் அந்தத் தூக்கமின்மையைப் பிடித்துக்கொண்டு ‘இ’ போடுவார். இன்னொருவருக்கு அந்த வரி கண்ணிலேயே பட்டிருக்காது. கூட்டத்தில் கேட்க வேண்டியது, “இந்த வரியை ஏன் கணக்கில் சேர்த்தீர்கள், அல்லது ஏன் விட்டீர்கள்?” நம்பிக்கை வெளிப்படும் இடம் அது.

இரண்டாம்ஜாமம்:
மேலே சொன்னது சரி. ஆனால் குழுக்கள் அதிகம் சறுக்குவது வேறோர் இடத்தில்: பயத்தையும் நம்பிக்கையையும் ஒன்றாக்கிவிடுவார்கள். “விளக்கை அணைக்கத் தயங்கினாயே, அப்போ நீ நம்புறே” என்று நாத்திகரை மடக்குவது வாதமே இல்லை.

1986-இல் உளவியலாளர் பால் ரோஸின் தன் குழுவோடு செய்த சோதனையைப் பாருங்கள். இரண்டு சுத்தமான புட்டிகளில் கண்ணெதிரே சர்க்கரை கொட்டப்படுகிறது. ஒன்றில் ‘சர்க்கரை’, மற்றதில் ‘சோடியம் சயனைடு’ என்று சீட்டு. எந்தப் புட்டிக்கு எந்தச் சீட்டு என்று தீர்மானித்து ஒட்டுபவரே பிறகு குடித்துப் பார்க்கப்போகிறவர். இருந்தும் சயனைடு சீட்டு ஒட்டிய புட்டியின் சர்க்கரை கலந்த தண்ணீரைக் குடிக்க மனம் பின்வாங்கியது. உள்ளே இருப்பது சர்க்கரை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அறிவு ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று செய்கிறது. பேய்க்கதை தொடுவது பெரும்பாலும் இந்த உடம்பைத்தான்.

எனவே “பயந்தாயா?” என்று கேட்காதீர்கள். “இது உண்மை என்றால் நாளை காலை எதை வேறு மாதிரி செய்வாய்?” என்று கேளுங்கள். பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால் அது பயம் மட்டும். ஏதாவது ஒன்று மாறும் என்றால் அதைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. இரண்டு வாரம் கழித்து ஒரு சிறு கூட்டம் அவசியம். கதைக்குள் வரும் தகவல்கள் வாசகரின் கருத்தை மாற்றும் தாக்கம் இரண்டு வாரத்தில் கூடுகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ஆப்பெலும் ரிக்டரும் 2007-இல் காட்டினார்கள். ‘இது கதையில் படித்தது’ என்ற அடையாளம் உதிர்ந்து, செய்தி மட்டும் தங்கிவிடுவது இதற்கு ஒரு விளக்கம். அந்த நாலு வரியைப் பார்க்காமல் மறுபடி எழுதச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திரிநூல்:
ஓரக்குறிப்பின் ‘இ/அ’ முறையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அது பக்தர்களைப் பாதியிலேயே தோற்கடித்துவிடுகிறது. இயற்கை வழியாகவே தெய்வம் செயல்படும் என்று நம்புகிறவருக்கு ‘இ’ என்பது ‘அ’-வுக்கு எதிரி அல்ல. மழை பெய்ததற்குக் காரணம் மேகம், அதுவே அருளும்கூட. இரண்டு எழுத்தையும் சேர்த்துப் போட அனுமதியுங்கள்.

விதி, சகுனம் பற்றிய கதைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். கதையில் கடிகாரம் நின்றால் யாரோ சாகப்போகிறார்கள். ஏனென்றால் அதை நிறுத்தியவர் எழுத்தாளர். வாழ்க்கையில் கடிகாரங்கள் மின்கலம் தீர்ந்தும் நிற்கின்றன, யாரும் சாவதில்லை, அது யார் நினைவிலும் இருப்பதில்லை. கதை படித்துப் படித்து, எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடும் பழக்கம் நமக்குள் ஏறிவிடுகிறது. கதையில் எந்த விளைவும் தராத பொருள் ஒன்றையாவது காட்டச் சொல்லுங்கள். தேடிக் களைத்த பிறகு கேளுங்கள்: வாழ்க்கையிலும் இப்படி ஒரு கை அடுக்கி வைத்திருக்கிறது என்று நினைக்கிறீர்களா? ‘ஆம்’ என்பவரும் ‘இல்லை’ என்பவரும் இந்தக் கேள்வியில் சமமாக உட்காரலாம்.

வாசல்விளக்கு:
மூவருக்கும் நன்றி. இரண்டு வாரக் கூட்டத்தையும் சேர்த்தே திட்டமிடுகிறேன். ஒரு சந்தேகம்: இறந்தவர் திரும்பி வரும் கதையை எடுக்கும்போது, அண்மையில் யாரையாவது இழந்தவர் குழுவில் இருந்தால்?

இரண்டாம்ஜாமம்:
கதை எதைப் பற்றியது என்று அவரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்றால் வேறு கதை. வருகிறேன் என்றால் அன்று வரிசையாக ஒவ்வொருவரையும் பேசச் சொல்லும் முறையைக் கைவிடுங்கள். ‘நாளை காலை எதை மாற்றுவாய்’ என்பதற்குப் பதிலை எல்லோரும் தாளில் எழுதட்டும். வாசித்துக் காட்டுவது அவரவர் விருப்பம், தாளை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது.