புதுப்பிப்பு: ஃப்ரிட்டாட்டா, ஓவன் நேரத்தில் ஒரு திருத்தம்

முந்தைய பதிவில் ஃப்ரிட்டாட்டாவை (தடிமனான இத்தாலிய ஆம்லெட்) 200 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைக்கச் சொல்லியிருந்தேன். 6 முட்டைக்கு அது அதிகம். புரதம் இறுகி நீரைக் கக்கும், துண்டு ரப்பர் போலாகும். 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் போதும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள், வாணலிச் சூடே மீதியை முடித்துவிடும்.

மற்ற அளவுகளில் மாற்றமில்லை: 25 செ.மீ. வாணலி, 40 கிராம் துருவிய பார்மிஜானோ சீஸ். சீஸிலேயே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள்.

அடியில் தண்ணீர் தேங்குகிறது என்றால் பெரும்பாலும் அதில் சேர்க்கும் சுக்கினிதான் (வெள்ளரிபோல் நீர் நிறைந்த காய்) காரணம். மெல்லிய வட்டமாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்துச் சேருங்கள். சிறு தீயில் ஓரம் 2 செ.மீ. இறுகிய பிறகே ஓவனுக்கு மாற்றவும். ஓவனைத் தாங்காத பிளாஸ்டிக் கைப்பிடியா? இத்தாலிய வீடுகளில் செய்வதுபோல் தட்டால் மூடிக் கவிழ்த்து, மறுபக்கத்தை அடுப்பிலேயே 2 நிமிடம் வேகவிடலாம்.