ஹெட்செட்: 'தலைத்தொகுதி'யா, 'கழுத்துத்தாங்கி'யா?

ஐயா, வணக்கம்.

சைக்கிளின் ஹெட்செட்டுக்கு நீங்கள் எழுதிய 'தலைத்தொகுதி' வேண்டாம். காதில் மாட்டும் கருவிக்கும் அதே பெயர்தான் வந்து சேரும். இந்தப் பாகம் செய்யும் வேலை என்ன? சட்டகத்தின் முன்குழலுக்குள் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) தண்டு தடையில்லாமல் திரும்ப, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக பேரிங்குகளால் தாங்குகிறது. குடத்துக்குக் கழுத்து இருப்பதுபோல் சைக்கிளுக்கு அந்த இடம் கழுத்து. முன்குழலைக் 'கழுத்துக்குழல்' என்றும் ஹெட்செட்டைக் 'கழுத்துத்தாங்கி' என்றும் சொல்லலாம்.

வகைப்பெயர்களில்தான் எனக்குக் கவலை அதிகம். 'ஒருங்கிணைந்த', 'பாதி ஒருங்கிணைந்த' என்று நீங்கள் தந்திருப்பவை இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு பேரிங் உட்காரும் கிண்ணத்தில் இருக்கிறது. பெயரும் அதைச் சொல்லட்டும். பேரிங் குழலுக்கு வெளியே நின்றால் வெளிக்கிண்ணம். 1⅛ அங்குலத் தண்டுக்கான குழலில் உள்விட்டம் 34 மி.மீ. இருக்கும். கிண்ணத்தை அழுத்தி இறக்கி, பேரிங் குழலுக்குள்ளேயே அடங்கினால் உட்கிண்ணம்; நீங்கள் 'பாதி ஒருங்கிணைந்த' என்றது இதுதான். அதே தண்டுக்குக் குழலின் உள்விட்டம் 44 மி.மீ. இருக்கும். மூன்றாவதான 'ஒருங்கிணைந்த' வகையில் கிண்ணமே கிடையாது. குழலின் வாயில் கடைந்த சரிவில் பேரிங்கைக் கையால் வைத்தாலே உட்கார்ந்துவிடும். 'கம்பியிலி' போல இது 'கிண்ணமிலி'.

கிண்ணமிலியில் சட்டகமே பேரிங்கின் இருக்கை. 41.8 மி.மீ. பேரிங் கேட்கும் இருக்கையில் 41 மி.மீ. பேரிங்கை வைத்தால் கையில் சரியாகப் போனதுபோல் தோன்றும். ஓட்டும்போது ஆடி ஆடி இருக்கையைத் தின்றுவிடும். கிண்ணம் தேய்ந்தால் கிண்ணத்தை மாற்றலாம், இங்கே போவது சட்டகம். பேரிங்கின் ஓரத்தில் 36×45 அல்லது 45×45 என்று சரிவுக்கோணம் பொறித்திருந்தால் அதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

—

'கழுத்துத்தாங்கி', 'கிண்ணமிலி' இரண்டையும் ஏற்கிறேன் ஐயா. ஒரு திருத்தம்: வகைப்பெயரை முழுத் தொகுதிக்கும் சேர்த்து வைக்காமல் மேல்தாங்கி, கீழ்த்தாங்கி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரு முனையிலும் 44 மி.மீ. உள்ள குழலில், அடி பருத்த ஃபோர்க்கைப் போட வழி இருக்கிறது: மேலே உட்கிண்ணம், கீழே வெளிக்கிண்ணம். மேலே இசட்எஸ்44/28.6, கீழே இசி44/40 என்று குறிப்பார்கள்; இசட்எஸ் என்றால் உட்கிண்ணம், இசி என்றால் வெளிக்கிண்ணம். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது குழலின் உள்விட்டம். பின்னால் இருப்பது மேல்தாங்கியில் தண்டின் விட்டம், கீழ்த்தாங்கியில் அடிவளையம் ஏறும் இருக்கையின் விட்டம்.

ஃபோர்க்கின் தோளில் ஏறும் வளையத்தைத்தான் 'அடிவளையம்' என்கிறேன். ஆங்கிலத்தின் 'கிரவுன் ரேஸ்' என்பதை அப்படியே 'கிரீட வளையம்' என்றால் உச்சியில் தேடுவார்கள். பழைய 1 அங்குல மரையுள்ள ஃபோர்க்குகளில் இதன் இருக்கை 26.4 அல்லது 27.0 மி.மீ. இருக்கும். 27.0 வளையம் 26.4 இருக்கையில் தொளதொளவென்று நிற்கும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் கழுத்தில் 'கடக்' என்று தட்டும். மேல் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆட்டம் போகாது, திருப்புவதுதான் கடினமாகும். வெர்னியர் அளவி வைத்து இருக்கையை இரண்டு திசையில் அளந்த பிறகே வளையத்தைத் தட்டி இறக்க வேண்டும்.